காத்திருந்த கட்டளை

திருச்சி தென்னூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தம் ஏழு பேர். விவசாய மோட்டார்களை போனிலிருந்தே போடவும் நிறுத்தவும் ஒரு சின்னப் பெட்டி செய்து விற்கிறோம். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். பெட்டி கிளவுட்டோடு, அதாவது இணையத்தில் எங்கோ இருக்கிற ஒரு கணினியோடு பேசும். விவசாயியின் போனும் கிளவுட்டோடு பேசும். இரண்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதே கிடையாது. நடுவில் இருக்கிற அந்த கிளவுட்டைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதுப் பெட்டியைப் பதிவு செய்வது, பெயர் வைப்பது, குழுவில் சேர்ப்பது, கட்டளை அனுப்புவது, வேண்டாததை நீக்குவது என்று எல்லாமே ஏபிஐ என்கிற நிரல் வாசல் வழியாகத்தான். நாலு வரி நிரலில் முடிந்துவிடும்.

இதில் எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது, மறைப்பானேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் அடுக்குமாடியில் தண்ணீர் வரவில்லை என்றால் செக்யூரிட்டி மூன்று முறை மாடி ஏறி இறங்குவார். நானோ தென்னூரில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு துறையூர்ப் பக்கம் ஏதோ ஒரு சோளக்காட்டில் தண்ணீரை ஓட வைப்பேன். எங்கள் அடுக்குமாடியில் இருப்பவர்கள் என்னை மோட்டார்க்காரி என்று கிண்டல் செய்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

பெட்டி மாட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும் மறுநாள் நானே போன் செய்து எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்வேன். அதில் ஒரு வாக்கியம் எப்போதும் உண்டு. "இனிமே கரண்ட் வந்தாலும் மோட்டார் தானா ஓடாதுங்க. நீங்க போன்ல போட்டாத்தான் ஓடும்."

இது ஏன் அவர்களுக்குப் பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று காட்டில் இருப்பவருக்குத் தெரியாது. பழைய ஸ்டார்ட்டர்கள் கரண்ட் வந்த உடனே மோட்டாரை ஓடவிட்டுவிடும். அதனால் மோட்டாரில் கை வைக்க வேண்டும் என்றால், முதலில் பலகையிலிருந்து மூன்று பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வேட்டி மடியில் கட்டிக்கொள்வார்கள். யார் கை வைக்கிறாரோ அவர் மடியில்தான் கட்டை இருக்க வேண்டும். பக்கத்தில் நிற்கும் அண்ணன் தம்பியிடம்கூடக் கொடுப்பதில்லை. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

எங்கள் பெட்டி வந்த பிறகு கட்டையைப் பிடுங்குவது குறைந்தது. போன் சட்டைப்பையில் இருக்கிறது, நான் அமுக்காமல் அது எப்படி ஓடும் என்ற தைரியம். அந்தத் தைரியத்தை வீடு வீடாகப் போன் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.

அந்த ஆனி மாதக் கடைசியில் ஆபீஸில் ஒரே களேபரம். ஆடி பிறந்துவிட்டால் புதுசாக எதையும் தொடங்க மாட்டார்கள். அதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று ஊர் ஊராக அழைப்பு. கையிருப்பு தீர்ந்துபோயிற்று. கடைசி நாளன்று பெட்டி மாட்டுகிற எங்கள் ஆள் துறையூரிலிருந்து போன் செய்தார்.

"மேடம், ஒரே ஒரு வீடுதாங்க பாக்கி. சாமி கும்பிட்டு, மோட்டாருக்குப் பொட்டு வச்சு, மாலை போட்டு ரெடியா நிக்கிறாங்க. ஏதாவது ஒண்ணு அனுப்புங்க."

என் மேசையில் சோதனைக்காக வைத்திருந்த பெட்டி ஒன்று இருந்தது. அதில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி வைத்திருப்பேன். கட்டளை போனால் பல்பு எரியும். பல்பைக் கழற்றிவிட்டு, பெட்டியைத் துடைத்து, துறையூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினேன். கிளவுட்டில் பெயரை மாற்றினேன், அந்த விவசாயியின் நம்பரையும் அவர் மனைவியின் நம்பரையும் சேர்த்தேன். சோதனைக் குழுவிலிருந்து மட்டும் அதை எடுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் வழக்கம்போல் போன் செய்து வழக்கமான வாக்கியத்தையும் சொன்னேன். "ரொம்ப நல்லதுங்க, இனி பயமில்ல" என்றார் அந்த விவசாயி.

ஆடியில் புதுச் சரக்கு வந்தது. இன்னொரு பெட்டியை மேசையில் வைத்து அதே பல்பை மாட்டி, அதையும் சோதனைக் குழுவில் சேர்த்தேன். அப்போதெல்லாம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகத்தான் கட்டளை அனுப்புவோம். ஆவணியில் ஒரு பெரிய தென்னந்தோப்புக்காரர், தன் மோட்டார்கள் எல்லாவற்றையும் போனில் ஒரே அமுக்கில் போட வேண்டும் என்று கேட்டார். அதற்காக ஒரு குழு முழுவதற்கும் கட்டளை அனுப்பும் நிரலை எழுதினேன். எழுதி முடித்த காலையில், சோதனைக் குழுவுக்கு 'ஓடு' என்று அனுப்பிப் பார்த்தேன்.

பல்பு எரிந்தது. திரையில் 'ஏற்கப்பட்டவை: இரண்டு' என்று வந்தது. இரண்டா என்று ஒரு கணம் யோசித்தேன். எப்போதோ கெட்டுப்போன பழைய பெட்டி பட்டியலில் ஒட்டிக்கொண்டிருக்கும், பிறகு துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நிரல் முதல் தடவையிலேயே வேலை செய்த சந்தோஷம். 'நில்' என்று அனுப்பிப் பல்பை அணைத்திருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

கிளவுட்டில் ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு குறிப்புகள் இருக்கும். ஒன்று, அது இப்போது எப்படி இருக்கிறது. மற்றொன்று, அது எப்படி இருக்க வேண்டும். பெட்டி அந்த நேரத்தில் தொடர்பில் இல்லை என்றாலும், எப்படி இருக்க வேண்டும் என்ற குறிப்பு, அடுத்த கட்டளை வந்து அதை மாற்றும் வரை, அங்கேயே காத்துக்கொண்டிருக்கும். பெட்டிக்குக் கரண்ட் வந்து கண் விழித்ததும் அது முதலில் கேட்பது, எனக்கு ஏதாவது சொல்லி வைத்திருக்கிறதா என்றுதான். கட்டளைக்குக் காலாவதி நேரம் வைக்கலாம். ஒரே ஒரு வரி. அந்த வரியை நான் எழுதியிருக்கவில்லை.

துறையூர்ப் பக்கம் அன்று காலையிலிருந்து த்ரீ பேஸ் கரண்ட் இல்லை. போர்வெல்லில் அவர்களுடையது பெல்ட் போட்ட கம்ப்ரசர் மோட்டார். பெல்ட் தளர்ந்து கழன்றிருந்தது. கரண்ட் வருவதற்குள் மாட்டிவிடலாம் என்று அவர் மோட்டார் கொட்டகைக்குள் போயிருக்கிறார். கட்டையைப் பிடுங்கவில்லை. போனைத்தான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் எங்கள் ஆள் போன் செய்தார். வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் போய்விட்டன, திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்றார்.

"எப்படிங்க ஓடுச்சு?" என்றேன்.

"அவரு சம்சாரந்தாங்க. வீட்ல போன வச்சு நோண்டிக்கிட்டு இருந்துருக்கு. கை தவறி அமுக்கிடுச்சு போல. சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுக்காரங்க ஓடிப்போய்ப் பாத்தப்ப அது கையில போன் இருந்துச்சு, திரையில மோட்டார் ஓடுதுன்னு காட்டுச்சாம். அந்தப் பொண்ணே நான்தான் அமுக்கிட்டேனோன்னு தலையில அடிச்சிக்கிட்டு அழுவுது."

மோட்டார் ஓடத் தொடங்கினால் சேர்த்திருக்கிற எல்லா போன்களுக்கும் மணி அடித்து ஒரு செய்தி போகும். அதுவும் நான் எழுதியதுதான். மணி அடித்திருக்கிறது, அவள் எடுத்துப் பார்த்திருக்கிறாள், அதற்குள் காட்டிலிருந்து அலறல் கேட்டிருக்கிறது.

போனை வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். கிளவுட்டில் ஒவ்வொரு கட்டளைக்கும் யார் அனுப்பியது, எப்போது அனுப்பியது, எப்போது போய்ச் சேர்ந்தது என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெட்டிக்கு அன்று ஒரே ஒரு கட்டளைதான். அனுப்பியவர் என்ற இடத்தில் என் பெயர். அனுப்பியது பத்தரை மணிக்குமேல். போய்ச் சேர்ந்தது உச்சிப்பொழுதில்.

இதற்கு மேல் என்ன நடந்தது என்று எழுதுவதற்குத்தான் எனக்குக் கை கூசுகிறது. ஒன்றும் நடக்கவில்லை. லேப்டாப்பை மூடினேன். ஜங்ஷன் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம். காவிரிப் பாலம் தாண்டி வீட்டுக்குப் போனேன். மறுநாள் முதல் வேலையாக அந்தப் பெட்டியைச் சோதனைக் குழுவிலிருந்து நீக்கினேன், காலாவதி வரியை எழுதினேன், கட்டளை ஐந்து நொடிக்குள் போய்ச் சேராவிட்டால் செத்துப்போகும்படி செய்தேன். எல்லா வீட்டுக்கும் போன் செய்து, மோட்டாரில் கை வைக்கும் முன் கட்டையைப் பிடுங்கியே ஆக வேண்டும் என்று சொன்னேன். ஒரு வீட்டை மட்டும் விட்டுவிட்டேன். முதலாளி கேட்டபோது, "அவங்க வீட்டுல யாரோ கை தவறி அமுக்கிட்டாங்களாம் சார்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாதபடி, யாரோ சொன்னதுபோல் கடைசியில் ஒரு 'ஆம்' ஒட்டிச் சொன்னேன். படித்த புத்தி அதற்குத்தான் உதவியது.

பதிவேட்டில் உள்ள வரிகள் தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும். அதையும் பார்த்துவைத்துக்கொண்டேன். அழிந்துவிட்டால் நிம்மதியாக இருக்குமா என்று நினைப்பேன். உடனே அப்படி நினைத்ததற்காக என் மேலேயே ஆத்திரம் வரும். என் கணவரிடம் எரிந்து விழுந்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை கோயிலுக்குப் போய் அத்தனை நேரம் வரிசையில் நின்று, பெருமாளுக்கு எதிரே வந்ததும் எதைச் சொல்லி வேண்டுவது என்று தெரியாமல் நகர்ந்து வந்தேன். அவர் விரலுக்கா, அந்தப் பெண்ணுக்கா, அந்த வரி அழிய வேண்டும் என்றா? வெளியே வந்து பிரகாரத்தில் உட்கார்ந்து அழுதேன். அதுவும் எனக்காக அழுத அழுகைதான்.

ஐப்பசி தொடக்கத்தில் ஒருநாள் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன்.

"மேடம், என் நம்பர அந்த மோட்டார்லேருந்து எடுத்து விட்டுருங்க" என்றது ஒரு பெண் குரல். பெயரும் ஊரும் சொன்னாள். அவள்தான்.

"ஏங்க, போன் மாத்திட்டீங்களா?"

"இல்லங்க. இனிமே நான் தெரியாமகூட அமுக்கிறக் கூடாதுல்ல. என் கைக்கு அது வேண்டாங்க. எடுத்துட்டு, எடுத்தாச்சுன்னு எங்க மாமியார்ட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க, பக்கத்துலதான் இருக்காங்க."

போன் கை மாறியது. "எடுத்தாச்சாம்மா?" என்று ஒரு கிழக் குரல் கேட்டது. நான் ஒரு வரி தட்டினேன். அந்தப் பெண்ணின் நம்பரை நீக்கியாயிற்று என்று கிளவுட் அரை நொடியில் பதில் சொன்னது. "எடுத்தாச்சுங்க" என்றேன். அந்த அம்மா சரி என்று போனை வைத்துவிட்டார்.

அரை நொடியில் அவள் மேல் முத்திரை குத்திவிட்டேன். அவள் கேட்டுக்கொண்டாள் என்ற சாக்கில், அவள் செய்யாத தப்புக்கு நானே சாட்சிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். அந்த நிமிடம் எனக்கு என்னைப் பிடிக்காமல் போனது. முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "இப்ப போய்ச் சொன்னா என்னம்மா ஆகும்? வெரலா வரப்போவுது? யோசிச்சு செய்யுங்க" என்றார். யோசித்தேதான் இத்தனை நாள் ஓட்டியிருந்தேன். பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் சின்ன வெங்காயம் காயப் போட்டிருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரை துணிக்கட்டு. அவள் என்னைவிட நாலைந்து வயது இளையவள், கம்பெனியிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் பதறிப்போய், "நம்பர எடுத்துட்டீங்கல்ல?" என்றாள். மாமியார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அன்னிக்கு மோட்டாரப் போட்டது இவங்க இல்லைங்க. நான்தான். ஆபீஸ்ல டெஸ்ட் பண்ணப்ப தப்பா உங்க பெட்டிக்கும் கட்டளை போயிடுச்சு. கரண்ட் வர்ற வரைக்கும் அது காத்துக்கிட்டு இருந்து, வந்ததும் மோட்டார் ஓடிடுச்சு. இவங்க போன்ல அடிச்சது, ஓடுதுன்னு சொல்ற மணிதான். இவங்க எதையும் அமுக்கல."

தாளை நீட்டினேன். முழுக்க இங்கிலீஷ். அவள் அதை வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"இதுல என் பேரு இல்லல்ல?"

"இல்லைங்க. இங்க பாருங்க, இது என் பேரு."

"அப்ப நான் இல்ல."

"நீங்க இல்லைங்க."

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "நான் உன்ன ஒண்ணும் சொல்லலியே" என்றார் மெதுவாக. "சொல்லல. நீ இல்லன்னும் சொல்லல" என்றாள் அவள். அதில் கோபம் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மாமியார்தான் என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப எம்மவன் கை?" "என் தப்புங்க" என்றேன். "தப்புன்னு சொன்னா ஆச்சா?" என்று கத்திவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த அம்மா நாலு அடி அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். "வாங்க" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று அந்த வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். "இவங்க கம்பெனிலேருந்து வந்துருக்காங்க. என்னன்னு கேளுங்க" என்றாள். சொன்னேன். அடுத்த வீடு, எதிர் வீடு, முனையில் இருந்த பால் சொசைட்டி, அங்கே கேனோடு நின்ற ஆண்கள். ஒவ்வொரு இடத்திலும் முழுதாகச் சொன்னேன். தாளை நான் சொன்ன பிறகு அவள் விரித்துக் காட்டுவாள். சிலர் என்னை முறைத்தார்கள். ஒருவர், "ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு இங்க மனுசன் வெரல எடுத்துட்டீங்களே" என்றார். எங்கள் ஆபீஸில் ஏசி கிடையாது. ஆனால் அவர் சொன்னது சரி.

ஒரு வயதான பெண் மட்டும் அவள் கன்னத்தை வழித்து, "நான் அன்னிக்கே நெனச்சேன்டி" என்றார். "நெனச்சீங்களா?" என்று அவள் திருப்பிக் கேட்டதும் அந்தப் பெண் பேச்சை மாற்றிவிட்டார்.

திரும்பி வரும்போது அவள் முகம் மாறியிருந்தது. நடையே வேறாக இருந்தது. என் பையைத் தானே வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரை வந்தாள். மழை வருமா வராதா என்று பச்சைமலைப் பக்கம் பார்த்தாள். நான் செய்ததற்கு என்னை ஏசாமல், இவ்வளவு தூரம் வந்து சொன்னதற்கு நன்றி சொன்னாள். வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள் என்றாள். அங்கேயே நான் அவளை நிறுத்தியிருக்க வேண்டும். தலையை மட்டும் ஆட்டினேன்.

பிறகு அவளாகவே கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுச்சு?"

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அன்னிக்கு சாயங்காலமே" என்றேன்.

பையை என் கையில் கொடுக்காமல், கல் பெஞ்சில் வைத்தாள்.

"அவருக்கு நான்தாங்க சோறு ஊட்டி விடுறேன்" என்றாள். "ரெண்டு மாசமா அவரு மொகத்தப் பாக்காமத்தான் ஊட்டுனேன்."

பஸ் வந்தது. அவளே கை காட்டி நிறுத்தினாள். நான் ஏறி உட்கார்ந்து வெளியே பார்த்தபோது, அவள் வீட்டை நோக்கி வேகமாக நடந்துகொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆகியிருந்தது.